ரெட்டைக் கோடு

எங்கள் கல்லூரியில் சேர வருகிறவர்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், புகைப்படம், அப்பாவின் கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு சின்ன டப்பாவில் அவரவர் கழிவையும் கொண்டுவர வேண்டும். மற்றவற்றில் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். டப்பாவில் அந்தச் சலுகை கிடையாது.

இது கல்லூரியின் கண்டுபிடிப்பு அல்ல, சட்டம். ஊருக்குச் சமைத்துப் போடும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே சமைப்பவர், பரிமாறுபவர், சாப்பிடுபவர் எல்லோருடைய குடலும் பதிவில் இருக்க வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. கல்யாண மண்டபங்களில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் டப்பா வாங்கும் மேஜை வந்துவிட்டது. சமைப்பவருக்குக் கூடுதலாக ஒரு ‘கை உரிமம்’ வேண்டும். அது இல்லாத கை, தன் வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் ஒரு வெங்காயம்கூட நறுக்கக் கூடாது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற சாலையில், காற்றாலைகளுக்கு நடுவே எங்கள் கல்லூரி. அங்கே இந்த டப்பாக்களைப் படிக்கும் இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மூக்கன். பார்வைக்கு இட்லிக் கொப்பரை, கனத்தில் ஆட்டுரல். அதை இயக்கியவன் உயிர்நுட்பவியல் இறுதியாண்டு இசக்கிராஜ். தூக்கியவன் நான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்ததைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

இசக்கிக்குப் பொய் சொல்ல வராது. சொந்த அக்கா கல்யாணத்தில் மண்டபத்து இயந்திரத்தில் அவியலைச் சோதித்து, விளக்குச் சிவப்பாக எரிந்ததும் நேராகப் போய் மைக்கில் அறிவித்தவன். மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. “ஒருத்தனுக்காவது வயித்தால போச்சா சொல்லு” என்று அவன் கேட்பான். அவன் சொல்வது சரிதான். அவனிடம் பிடிக்காத விஷயமே அதுதான்.

மூக்கனை முதன்முதலில் விடுதி மெஸ்ஸில் இறக்கி வைத்த காலையில் ஜெனிபா அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். மெஸ்ஸின் தலைமைச் சமையல் அவர்தான். உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மீன் வாரத்தில் ஒரு நாள்தான் என்றாலும் அக்கா தனக்கென்று தினமும் ஒரு சின்னச் சட்டியில் மீன்குழம்பு வைப்பார். அந்த வாசனைதான் எங்கள் சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள.

“ஏ தம்பி, இந்தச் சவத்துப் பெட்டி என்ன செய்யும்?”

“சட்னில ஒரு சொட்டு எடுத்து விட்டாப் போதும்க்கா,” என்றான் இசக்கி. “வயித்துக்குப் போகக் கூடாத கிருமி இருக்கான்னு பாத்துச் சொல்லும். முந்தி இதுக்குக் கிருமியத் தட்டுல வெச்சுச் சோறு போட்டு வளத்து, அது பெருகுத வரைக்கும் காத்துக் கெடக்கணும். முடிவு வாறதுக்குள்ள தின்னவன் ஆஸ்பத்திரில கெடப்பான். இது அதோட மரபணுவ நேராப் படிச்சிரும். ஒரு ஈடு இட்லி வேகுத நேரந்தான்.”

“இருந்துச்சுன்னா?”

“யார் கொடல்லேந்து வந்துச்சுன்னு சொல்லும்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “ஆளு பேரச் சொல்லியா?”

“ஆமாக்கா. நம்ம எல்லாரு கொடல்லயும் கோடிக் கோடியாக் கிருமி கெடக்கு. முக்காவாசி நல்ல கிருமி, சாப்பாட்டச் செரிக்க வைக்கும். ஒங்க வயித்துல இருக்க அதே சாதி எங்க வயித்துலயும் இருக்கும். ஆனா அவங்கவங்க வயித்துல இருந்து இருந்து, கொஞ்சங் கொஞ்சமா மாறியிருக்கும். கைரேகை மாதிரி.”

“சாதின்னா கரெக்டாக் கண்டுபிடிச்சிரும்க்கா. நம்மூரு மெஷின்லா,” என்றேன்.

“நீ சும்மா இருல.” இசக்கி என்னைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தான். அவனுக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். “ஒரே சமையலச் சாப்பிடுதவங்க கிருமி கொஞ்சம் ஒத்துப்போகும். அவங்களுக்கு நடுவுல ஒத்தைக் கோடு போடும். ஒரே தட்டுல, எச்சி பாக்காம, வருசக்கணக்காச் சாப்பிடுதவங்களுக்கு ரொம்ப ஒத்துப்போகும். அது ரெட்டைக் கோடு. இதுக்குப் பந்திப் படம்னு பேரு வெச்சிருக்கேன்.”

“யாரு யாரு தட்டுல தின்னா அதுக்கென்ன தம்பி?”

“கிருமி யார்ட்டேந்து யாருக்குப் போச்சுன்னு தெரியணும்லாக்கா.”

“தெரிஞ்சு?”

இசக்கி கொஞ்சம் யோசித்தான். அதற்குப் பிறகான பாடம் அவனுக்கு நடத்தப்படவில்லை. “தெரிஞ்சா… தெரியும்லா.”

அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. நாங்கள் அதைப் புதிய சட்டத்தின் விளைவு என்று எடுத்துக்கொண்டோம்.

முதல் பந்திப் படத்தை மெஸ் சுவரில் ஒட்டிய நாள் திருவிழாவாக இருந்தது. ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு கல்லூரிக்கே விடுமுறை வாங்கித் தந்த மெக்கானிக்கல், சிவில் பையன்களுக்கு நடுவே ஒத்தைக் கோடுகள் கொத்துக் கொத்தாக ஓடின. ஆலங்குளத்தில் ஒரே பிரியாணிக் கடையின் பின்கதவு வழியாக இரண்டு கோஷ்டியும் போய் வந்திருக்கின்றன. முட்டையே தொடுவதில்லை என்று சொன்ன உடற்பயிற்சி ஆசிரியர், முட்டைக் கோழி வளர்க்கிற பெட்டிக்கடைக்காரரோடு சேர்ந்திருந்தார். வாட்ச்மேனுக்கும் விடுதி நாய்க்கும் ரெட்டைக் கோடு. வாட்ச்மேன் அதைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அதில் பெருமைதான்.

அந்தப் படத்தில் இல்லாத ஒரே ஆள் பேராசிரியர் உலகநாதன். அவர் கணிதம் நடத்துபவர், விடுதியின் தலைமைக் காப்பாளர், ஊரில் சைவ சபைக்குத் தலைவர். மனைவி இறந்த பிறகு தமக்கையின் வீட்டில் இருந்தார். விடுதியில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவரில்லை என்பதால் அவரிடம் டப்பா கேட்கவில்லை. மதியம் ஆனால் வீட்டிலிருந்து வந்த அடுக்குப் பாத்திரத்தோடு மெஸ்ஸின் இருப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் கண் பட்டால் தயிர்சாதம் அசைவமாகிவிடும் என்று பயப்படுகிறார் என்று பேசிக்கொண்டோம். அதே நேரத்தில் ஜெனிபா அக்காவும் பருப்பு எடுக்க அதே அறைக்குள் போவார், பருப்பு எடுக்க ஆகிற நேரத்தைவிட ரொம்ப நேரம் கழித்து வருவார். இந்த இரண்டையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கணிதத்தில் அரியர்.

ஐப்பசி மழை தொடங்கியபோது விடுதியில் காய்ச்சல் வந்தது. முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு வராந்தா முழுக்க. தேர்வு நேரத்துக் காய்ச்சல் என்று நினைத்து யாரும் நம்பவில்லை. முதலாண்டு முகில்வண்ணன் மட்டும் நிஜமாகவே எழுந்திருக்கவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் குடலில் ஓட்டை விழுந்திருப்பதாகச் சொல்லி உடனே அறுத்தார்கள். டைபாய்டு. அவன் அம்மா மெஸ்ஸுக்கு வந்து, எந்தத் தட்டில் அவன் சாப்பிட்டான் என்று காட்டச் சொன்னார். நாங்கள் ஏதோ ஒரு தட்டைக் காட்டினோம். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று எனக்கு எந்த நகைச்சுவையும் தோன்றவில்லை.

மூக்கன் சாம்பாரை மோந்தது, பச்சை. சோறு, பச்சை. தேங்காய்ச் சட்னியில் சிவப்பு எரிந்தது. கொதிக்க வைக்காத, கையால் உப்புப் பார்த்துப் பிசைகிற சட்னி. திரையில் பெயர் வந்தது: ஜெனிபா.

அக்காவுக்குத் தலைவலிகூடக் கிடையாது. “சில பேரு உள்ள அது பித்தப்பைல சத்தமில்லாமக் குடியிருக்கும்ல,” என்றான் இசக்கி. “அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. எப்பவாச்சுந்தான் கொடலுக்கு எறங்கும், அதான் மொத டப்பால சிக்கல. கையக் கொஞ்சம் அவசரமாக் கழுவுத அன்னிக்கு அடுத்தவனுக்குப் போயிரும். மாத்திரை இருக்கு. ஒரு மாசம் போட்டாப் போதும், செத்துரும்.”

“கிருமியா, அக்காவா?”

அவன் சிரிக்கவில்லை. மெஸ்ஸுக்குள் கால் வைத்த எல்லோரையும் மறுபடி சோதிக்கச் சொல்லி மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. எல்லோரையும் என்றால் இந்த முறை காப்பாளரையும்.

அந்தப் படம் வந்தபோது ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இசக்கி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

“ஏல, இங்க வா. இத நீ படி. நான் படிச்சா வேற மாதிரி வருது.”

ஒரு ஓரத்தில் உலகநாதன் என்றொரு புள்ளி. இன்னொரு ஓரத்தில் ஜெனிபா. நடுவில் விடுதியையே குறுக்காக வெட்டிக்கொண்டு ரெட்டைக் கோடு. வாட்ச்மேனுடையதைவிடத் தடிமன். இரண்டு புள்ளியிலும் டைபாய்டின் சிவப்பு.

“மூக்கனுக்குச் சளி பிடிச்சிருக்குமோ?”

“இது தப்பு வர்ற எடம் இல்லல. இன்னொண்ணு இருக்கு.” அவன் குரல் இறங்கியது. “கிருமி பெருகுதப்ப நம்ம பயலுவ அசைன்மென்ட் பாத்து எழுதுத மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு எழுத்து தப்பா விழும். யாரப் பாத்து யாரு எழுதுனான்னு தப்ப வெச்சே சொல்லிரலாம். சார்ட்ட இருக்கதுதான் மொதப் பிரதி. அக்காட்ட இருக்கது அதப் பாத்து எழுதினது. சட்னில இருக்கது அக்காவப் பாத்து எழுதினது.”

ஊரே காலில் விழுகிற சைவத் தயிர்சாதத்திலிருந்து கிளம்பி, மீன்காரி கை வழியாக, எங்கள் சட்னிக்கு வந்திருக்கிறது.

“யார்ட்டயும் சொல்லாத. மொதல்ல சார்ட்ட போவோம்,” என்றான்.

உலகநாதன் சார் எங்கள் காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் பார்த்தார். நாங்கள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. கணக்கில் தப்பு இருக்கிறதா என்று தேடுகிறவர் போல விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போய், ஜெனிபா என்ற புள்ளியில் நிறுத்தினார்.

“வாசனைக்குத்தான்டே மொதல்ல போனேன்,” என்றார்.

எங்களை உட்காரச் சொன்னார்.

“வீட்டுல எங்க அக்கா சமையல். உப்பு, புளி எல்லாம் கொறச்சு, விரதத்துக்குச் சமைக்க மாதிரி. இருப்பு அறைல ஒக்காந்து அத முழுங்கிட்டு இருப்பேன். அந்தம்மா ஒரு நாள் பாத்துட்டு, ‘சார், கொழம்பு மட்டும் ஒரு சொட்டு ஊத்தட்டா’ன்னு கேட்டா. கொழம்பு மட்டும்தான். மீனத் தள்ளி வெச்சிருவேன். ரொம்ப நாளு தள்ளி வெச்சேன்.”

“அப்புறம் சார்?”

“அப்புறம் தள்ளி வைக்க மறந்துட்டேன்.” கண்ணாடியைத் துடைத்தார். “அவளுக்கு எங்க வீட்டுத் தயிர்சாதம் பிடிக்கும். வேற யாருக்கும் அது பிடிச்சதில்ல. நான் பெசஞ்சு குடுத்தாத்தான் சாப்பிடுவா. பேசிக்கிட்டு இருப்போம். தட்டு ஒண்ணுதான் இருந்துச்சு அங்க. ரெண்டாவது தட்டு வாங்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல.”

“சார், ஒங்களுக்கு எப்பவாவது பெரிய காய்ச்சல்…” என்று இழுத்தான் இசக்கி.

“காசிக்குப் போயிட்டு வந்து ஒரு மாசம் கெடந்தேன். பாவமெல்லாம் எரியுதுன்னு சபைல சொன்னாங்க.”

இசக்கி நேராக விஷயத்துக்கு வந்தான். “நாளைக்குக் கூட்டத்துல பழி அக்கா மேல விழும் சார். உரிமம் போயிரும். மாத்திரை போட்டுச் சரியானாலும் பேரு ரத்துப் பட்டியல்லதான் இருக்கும். எந்த ஊர்லயும் சமைக்க விட மாட்டாங்க. அவங்கட்டேந்து வரல, அவங்களுக்கே வந்ததுன்னு தெரிஞ்சா சட்டத்துல எடம் இருக்கு. உரிமம் தப்பிச்சிரும். ஆனா எங்கேந்து வந்துச்சுன்னு சொல்லணும்.”

“நான் சொல்லுதேன்டே. நானே எந்திரிச்சுச் சொல்லுதேன்.”

“மீனையும் சேத்தா சார்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவர் தீவிரமாக யோசித்தார். “மீனையும் சேத்துத்தான்.”

கூட்டம் முதல்வர் அறையில் நடந்தது. சுகாதார அலுவலர் பூபாலன், முதல்வர், பக்கத்தில் அடுக்குப் பாத்திரத்தோடு உலகநாதன் சார், மூக்கன், மூக்கனோடு வந்ததால் நாங்கள். நாற்காலி காலியாக இருந்தும் ஜெனிபா அக்கா கதவோரமாக நின்றார். யாரும் உட்காரச் சொல்லாததால் அது ஒழுங்காகவே தோன்றியது.

“விஷயம் தெளிவா இருக்கு,” என்றார் பூபாலன். “ஒரே ஒரு இடந்தான் இடிக்குது. சாருக்கும் இந்தக் கிருமி இருக்கு. சார் இங்க தண்ணிகூடக் குடிக்கிறதில்லையே, எப்படி?”

“சாரோட வீட்டுச் சாப்பாட்டையும் ஒரு தடவ மெஷின்ல வெச்சுப் பாத்தா என்ன?” என்று முதல்வர் பேச்சுக்குக் கேட்டார்.

“எதுக்கு சார்? சைவ வீட்டுச் சாப்பாடு. அதுல என்ன இருக்கப்போகுது?” பூபாலன் சிரித்தார். முதல்வரும் சிரித்தார். சார் கையால் பிசைந்த தயிர்சாதத்தில் ஒரு சொட்டு, ஒரு ஈடு இட்லி வேகிற நேரம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த அடுக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறக்க அந்த அறையில் ஒருவருக்கும் கை எழவில்லை.

உலகநாதன் சார் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஒண்ணு சொல்லணும். நான் ஜெனிபா அம்மா கையால…”

“சட்னிய நாந்தான் சார் கையில ஊத்தினேன்,” என்றார் அக்கா.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

“பிள்ளைய சட்னி புளிச்சிருக்குன்னு சொன்னாவ. காப்பாளர்லா, நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாருங்கன்னு நாந்தான் வம்பு பண்ணி ஊத்தினேன். அதோட சரி. சார் எங்கிட்ட ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல.”

“அதானே பாத்தேன்!” பூபாலனுக்குப் பெரிய பாரம் இறங்கியது. “தம்பி, அந்தப் பந்திப் படத்தக் கொண்டா. அதையும் சேத்து அனுப்பிருவோம்.”

படம் இசக்கியின் சட்டைப்பையில் நாலாக மடித்து இருந்தது. அவன் சாரைப் பார்த்தான். சார் நின்றுகொண்டே இருந்தார், வாய் திறந்தபடி. அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை அசைத்தார், கொசு விரட்டுகிற அளவுக்கு.

“மூக்கனுக்கு… இன்னிக்கு ஒடம்பு சரியில்ல சார்,” என்றான் இசக்கி. “படம் வரல.”

அவன் சொன்ன முதல் பொய். மோசமான பொய். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனால் அந்த அறையில் எல்லோரும் அதை நம்பத் தயாராக இருந்தார்கள்.

பிறகு சார் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் தரப்பு வாக்குமூலமாக அதுதான் பதிவானது.

நான் மூக்கனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வராந்தா திருப்பத்தில் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். கனத்தோடு என்னால் வேகமாக விலக முடியவில்லை.

“நான் சொல்லியிருப்பேன் ஜெனிபா.”

“சொல்லத்தான செஞ்சீங்க. பாதி சொன்னீங்க.”

“நீ ஏன் குறுக்க…”

“ஒங்க அக்கா வீட்டுக்குள்ள விடுவாவளா? சபைல மால போட்ட கையால கல்ல எடுப்பானுவ. நான் எங்கனயும் பொழச்சிக்கிடுவேன் சார்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆபீசர் குடுத்த மாத்திரய மறந்துராதீங்க. ஒங்களுக்கு எல்லாத்தையும் ஞாபகப்படுத்தணும்.”

சார் அழைத்திருக்கலாம், ‘வா, உள்ளே போய் மீதிப் பாதியையும் சொல்லிவிடுவோம்’ என்று. கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. பூபாலன் காபிக்காகக் காத்திருந்தார். சார் ஏதோ சொல்லத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினார். நான் மூக்கனோடு இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதன்பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது.

அக்கா அன்றே ஊருக்குப் போய்விட்டார். முகில்வண்ணன் மெலிந்து போய்த் திரும்பி வந்தான். புதுச் சமையல்காரர் கையுறை போட்டுக்கொண்டு சட்னியைக் கொதிக்க வைத்தார். கொதித்த தேங்காய்ச் சட்னி எப்படி இருக்கும் என்பதைப் பற்றி முகில்வண்ணன் முன்னால் யாரும் குறை சொல்வதில்லை.

மூக்கன் அதன்பிறகு ஒரு முறைகூடச் சிவப்புக் காட்டவில்லை. பந்திப் படத்திலும் கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. அடுத்தவன் தட்டில் கைவைத்தால் சுவரில் தெரியும் என்றான பிறகு பையன்கள் தங்கள் தட்டோடு மூலைக்குப் போனார்கள். பிரியாணிக் கடைப் பின்கதவு மூடியது. மெக்கானிக்கலும் சிவிலும் உண்மையாகவே விரோதிகள் ஆனார்கள். மாவட்டத்திலேயே சுத்தமான விடுதி என்று கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கியவர் தலைமைக் காப்பாளர்.

உலகநாதன் சார் இருப்பு அறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தன் அறையில், எல்லோரும் பார்க்கும்படி கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கடந்து போகும்போதெல்லாம் பாத்திரம் பாதி நிறைந்தே இருக்கும்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். “உவரிக்கு ஒரே பஸ்தான் சார். ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம்லா?”

ரத்துப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் சோதனை உண்டு; முடிவு அலுவலகத்துக்குத்தான் போகும், அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். அவர்களோடு யாருக்காவது கோடு விழுந்தால் அந்த ஆளையும் விசாரிப்பார்கள்.

“சும்மா பாத்துட்டு வரலாம். ஆனா போனா அவ சாப்பிடாம அனுப்ப மாட்டாடே,” என்றார் சார். தயிர்சாதத்தில் விரலால் வட்டம் போட்டார். “கோடு விழுமே.”

படிப்பு முடிகிற சமயத்தில் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ரத்தானவர்கள் கிருமி நீங்கிவிட்டதைப் பதிவுபெற்ற இயந்திரத்தில் காட்டினால் உரிமத்தைத் திரும்பப் பெறலாம். இசக்கி அதைப் படித்த கையோடு என்னை எழுப்பினான். கூட்டத்துக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

“கெளம்புல. அக்காட்ட போறோம். மூக்கனத் தூக்கு.”

உவரிக்குப் போகும் பேருந்தில் மூக்கன் என் மடியில் உட்கார்ந்து வந்தது. கண்டக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஜெனிபா அக்கா கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். சமைக்காத மீனுக்கு உரிமம் தேவையில்லை. எங்களைப் பார்த்ததும் கூடையை அடுத்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். முகம் கறுத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே.

“என்ன மக்களே, இந்தச் சவம் இன்னும் ஒங்களோடதான் சுத்துதா?”

இசக்கி விஷயத்தைச் சொன்னான். அக்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். டப்பாவை வாங்கிக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மூக்கன் முனகத் தொடங்கியது. அதற்குள் எங்களுக்குத் தட்டு போட்டுச் சோறு வைத்து, மீன்குழம்பை ஊற்றினார். வெளியாட்களுக்கு அவர் ஊற்றக் கூடாத குழம்பு.

அந்த வாசனை மூக்கில் ஏறியபோது நான் எச்சில் விழுங்கினேன். இசக்கியின் கை, அவனுக்கே தெரியாமல், பையிலிருந்த சொட்டுக்குழலை எடுத்தது. குழம்புக்கு மேலே வந்த பிறகுதான் அவன் அதைப் பார்த்தான்.

“பாத்துக்க தம்பி,” என்றார் அக்கா. “பாக்குததுதான நல்லது.”

பார்த்தான். பார்க்காமல் இருப்பது இன்னும் மோசமாகிவிட்டிருந்தது. பச்சை. நாங்கள் சாப்பிட்டோம். எங்களுக்குப் பரிமாறிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார் அக்கா. எத்தனை தடவை சொல்லியும் தட்டு எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் முடிவு வந்தது. இசக்கி கையைக் கழுவக்கூட இல்லை, துள்ளினான்.

“ஒண்ணுமே இல்லக்கா! சுத்தமாப் போயிருச்சு! இத அனுப்பினாப் போதும், உரிமம் வந்துரும். எங்க வேணாலும் சமைக்கலாம் நீங்க.”

“நெசமாவா?” அக்கா சிரித்தார். ரொம்ப நாள் பயன்படுத்தாத சிரிப்பு. பிறகு மெல்லக் கேட்டார். “சாருக்கு?”

“அவருக்கும் பாத்துட்டேன். சுத்தம்.”

“அந்தப் படம் இருக்கா? அன்னிக்கு நீ மறைச்சியே, அது மாதிரி.”

அவன் மூக்கனிலிருந்து தாளை உருவி நீட்டினான். அக்கா அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். ஒரு ஓரத்தில் ஒரு புள்ளி, இன்னொரு ஓரத்தில் ஒரு புள்ளி. ஈரக்கை நடுவிலிருந்த வெள்ளையில் தேடிக்கொண்டே போனது.

“இதுல கோட்டக் காணுமே?”

“அதுவும் போயிருச்சுக்கா. மாத்திரைக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு தெரியாதுலா. மிச்சம் இருந்ததும், ஒண்ணாச் சாப்பிடாம இருந்ததுல மாறிப்போச்சு. இப்பப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க. இனி ஒரு பய ஒண்ணும் சொல்ல முடியாது.” அவன் முகம் மலர்ந்திருந்தது. அவனுக்கு அது நல்ல செய்திதான்.

“ஒரு கோடு கூடவா இல்ல?”

“ஒண்ணுகூட இல்லக்கா.”

“அத்தன வருசமும் போயிருச்சா தம்பி?”

“ஆமாக்கா,” என்றான் இசக்கி. “நல்ல மாத்திரக்கா அது. எதையும் விட்டு வைக்காது.”